பெயர் மாறாத வண்டி

வெள்ளிக்கிழமை காலை. சவூதியிலும் கத்தாரிலும் விடுமுறை நாள். மீனாட்சிபுரத்திலோ கொழிஞ்சாம்பாறையிலோ இருக்கும் ஒரு தந்தை, பொள்ளாச்சியில் ஒரு பழைய காரைச் சுற்றிச் சுற்றி வருகிறார். கையில் கைபேசி. அதன் திரையில் கடல் கடந்திருக்கும் மகன்.

"பெயிண்டெல்லாம் நல்லாத்தான் இருக்குது கண்ணு."

"கொஞ்சம் குனிஞ்சு அடியில காட்டுங்கப்பா."

தந்தை குனிகிறார். திரையில் கொஞ்சம் தரையும் நிறைய வெயிலும் தெரிகின்றன. பக்கத்தில் நிற்கும் தரகர் கைபேசிக்குள் முகத்தை நுழைத்து, "வண்டிக்கு நான் பொறுப்புங்க தம்பி, ஒரே கை ஓட்டுன வண்டி" என்கிறார். அன்று மாலையே பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. சாவி கைக்கு வருகிறது. கூடவே ஒரு பிளாஸ்டிக் உறை: ஆர்.சி., இன்ஷூரன்ஸ் நகல், விற்றவர் கையெழுத்து மட்டும் போட்டு மற்ற இடங்களைக் காலியாக விட்ட சில படிவங்கள். "பேரு மாத்தறதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார் தரகர். அந்த 'அப்புறம்' பல வீடுகளில் வருவதே இல்லை.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லையோரங்களில் இந்தக் காட்சி அபூர்வமானதல்ல. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. பழைய கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்த சித்தூர் பகுதியும் அப்படியே. அங்கே வாழ்ந்த தமிழர்கள் தங்கள் வீடுகளை விட்டு நகரவில்லை. கோடுதான் அவர்களைத் தாண்டிப் போயிற்று. இன்றும் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஊர்களுக்குச் சந்தை பொள்ளாச்சி. பெரிய ஆஸ்பத்திரி கோவை. குமுளிக்காரர் மலையிறங்கினால் லோயர்கேம்ப், கூடலூர், கம்பம். வீடு கேரளத்தில், உறவு தமிழ்நாட்டில், சம்பளம் வளைகுடாவில். இப்படி மூன்று இடங்களில் காலூன்றி நிற்கும் குடும்பத்துக்கு ஒரு கார் ஆடம்பரமில்லை. இரவில் அம்மாவுக்கு மூச்சுத் திணறினால் மலைப்பாதையிலோ பாலக்காட்டுக் கணவாயிலோ யாரிடமும் கெஞ்சாமல் போக அது ஒரு வழி.

அங்கே ஓட்டும் காரையே கொண்டுவந்துவிட முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது என்பதுதான் நடைமுறை. வளைகுடாவில் ஓடுபவை இடப்பக்கம் ஸ்டீயரிங் உள்ளவை. பழைய கார் இறக்குமதிக்கு இந்தியா விதித்துள்ள நிபந்தனைகளில் முதன்மையானது ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பது. தயாரித்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது இன்னொன்று. இவற்றைக் கடந்தாலும் வரியெல்லாம் சேர்ந்து காரின் விலையையே மிஞ்சும். ஆகவே, சம்பாதிப்பது அங்கே, கார் வாங்குவது இங்கே. பார்க்காத காரை, பழகாத ஆளிடம், தொலைபேசி வழியாக.

பொள்ளாச்சியிலோ கோவையிலோ தேனியிலோ வாங்கும் தமிழ்நாட்டு எண் வண்டி, அதே வயதுள்ள கேரள எண் வண்டியைவிடக் கொஞ்சம் மலிவு என்று தரகர் சொல்வார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த மலிவுக்கு ஒரு காரணம் உண்டு. வண்டியைக் கேரளத்துக்குக் கொண்டுவந்து பெயர் மாற்றும்போது அதன் வயதுக்கேற்ற வரியைக் கேரளத்தில் மறுபடி கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் எஞ்சிய காலத்துக்கான பங்கைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு மனு, ஆவணம், அலைச்சல், பொறுமை எல்லாம் தேவை. விலையில் கிடைத்த லாபத்தை வரியோடு கூட்டிக் கழித்துப் பார்ப்பவர்கள் குறைவு. பெரும்பாலோர் கணக்கின் முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, வண்டி கைமாறிய 30 நாட்களுக்குள் வாங்கியவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். விற்றவருக்கும் கடமை உண்டு: அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாட்கள், வேறு மாநிலத்துக்கு என்றால் தடையில்லாச் சான்றோடு 45 நாட்கள். தடையில்லாச் சான்று கேட்க 28ஆம் எண் படிவம். விற்றதைத் தெரிவிக்க 29. பெயர் மாற்ற 30. வண்டிமேல் கடன் இருந்தால் அது தீர்ந்ததைக் காட்ட 35. தரகர் உறையில் போட்டுக் கொடுப்பவை இந்தக் காகிதங்கள்தான். கையெழுத்து இருக்கும், தேதி இருக்காது. வாங்குபவர் பெயரும் இருக்காது. அடுத்த ஆளுக்கு விற்க வசதியாக அப்படியே காலியாக விடுவதுதான் வழக்கம்.

இங்கே ஒரு குழப்பமும் உலவுகிறது. "வேற ஸ்டேட் வண்டியை ஒரு வருஷம் வச்சு ஓட்டலாம்" என்பார்கள். சட்டத்தின் 47ஆவது பிரிவில் 12 மாதக் கெடு இருப்பது நிஜம். அது, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை உரிமையாளரே இன்னொரு மாநிலத்தில் வைத்திருக்கும்போது புதிய பதிவெண் பெறுவதற்கான கெடு. விலைக்கு வாங்கியவர் பெயர் மாற்றுவதற்கான கெடு அல்ல. அது 30 நாள்தான். பதிவெண்ணுக்கு அவகாசம் இருப்பதால் வரிக்கும் அவகாசம் உண்டு என்றும் ஆகிவிடாது. வரி மாநிலத்தின் விஷயம். அதன் கணக்கு வேறு.

பெயர் மாறாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும்? இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 6இல் பதில் சொல்லிவிட்டது. நவீன் குமார் எதிர் விஜய்குமார் என்ற வழக்கு. விஜய்குமார் 2007இல் தன் காரை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் வேறொருவருக்கு. இப்படிப் பல கை மாறிய வண்டி 2009இல் ஒரு விபத்தில் சிக்கி ஓர் உயிரைப் பறித்தது. இத்தனை கைகளில் ஒருவர்கூட ஆர்.சி.யில் பெயரை மாற்றியிருக்கவில்லை. வண்டிக்கு இன்ஷூரன்ஸும் இல்லை. நஷ்டஈடு தர வேண்டியவர் யார்? கடைசியாக வைத்திருந்தவர் என்றது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் பார்வையில் உரிமையாளர். காரை விற்று இரண்டு ஆண்டு ஆன விஜய்குமாரே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. விபத்தில் உறவைப் பறிகொடுத்த குடும்பம், வண்டி யார் யார் கைக்குப் போயிற்று என்று தேடி அலைய முடியாது என்பதுதான் அதன் நியாயம். மறுக்க முடியாத நியாயம்.

இந்தத் தீர்ப்பை அறிந்தவர் யாரும் காலிப் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டார். ஆனால் வெளிநாட்டில் இருப்பவர்கள்தான் அதிகம் போடுகிறார்கள். விடுமுறை முடிந்து விமானம் ஏறும் அவசரத்தில் பழைய காரைத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள், திரும்பி வர இரண்டு ஆண்டு ஆகும் என்பதால் எல்லாக் காகிதத்திலும் கையெழுத்திட்டுத் தரகரிடம் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு அந்த வண்டி எங்கே ஓடுகிறது, யார் ஓட்டுகிறார், என்ன ஏற்றுகிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது. பெயர் மட்டும் அவர்களுடையது.

என்ன ஏற்றுகிறார் என்பது சும்மா சொன்னதல்ல. 2022 அக்டோபர் 23 அதிகாலையில் கோவை உக்கடத்தில் கோயில் அருகே ஒரு மாருதி கார் வெடித்தது. அந்தக் கார் பல கை மாறியது என்று போலீசார் கண்டறிந்தார்கள். எப்போதோ அதை வைத்திருந்து விற்றவர்களையெல்லாம் ஒவ்வொருவராகத் தேடிப்போக வேண்டியிருந்தது. என்றோ விற்ற வண்டிக்காக வாசலில் போலீஸ் வந்து நிற்பது எப்படி இருக்கும் என்று, பாலக்காட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள கோவையில் சிலருக்கு அன்று தெரிந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கேரளத்தில் 2023 ஜூன் முதல் 726 கேமராக்கள் சாலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. சீட் பெல்ட் போடாமல் வாளையாறிலிருந்து பாலக்காடு போனால் அபராதச் சீட்டு, ஓட்டியவருக்கு அல்ல, பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குப் போகும். பொள்ளாச்சியில் காரை விற்றுவிட்டு நிம்மதியாக இருப்பவரின் கைபேசிக்கு, அவர் பார்த்தேயிராத ஊரிலிருந்து அபராதச் செய்தி வரும். அவர் எரிச்சலில் எண்ணை மாற்றிவிட்டால் வாங்கியவருக்கு ஆபத்து. பெயர் மாற்ற மனுப் போடும்போது ஓ.டி.பி. எனும் ரகசிய எண் அந்தப் பழைய எண்ணுக்குத்தான் போகும்.

வாங்கியவர் பக்கம் உள்ள ஆபத்து வேறு மாதிரியானது. இன்ஷூரன்ஸில் இரண்டு பகுதி உண்டு: பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கானது ஒன்று, சொந்த வண்டியின் சேதத்துக்கானது மற்றொன்று. வண்டி கைமாறும்போது முதல் பகுதி வண்டியோடு சேர்ந்து போகும் என்கிறது சட்டத்தின் 157ஆவது பிரிவு. இரண்டாவது பகுதி தானாகப் போகாது என்று உச்ச நீதிமன்றம் 1996லேயே சொல்லிவிட்டது. 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றாதவர், போடிமெட்டு வளைவில் வண்டியைச் சுவரில் இடித்துவிட்டால் செலவு அவருடையதே. விற்றவர் பல ஆண்டு சேர்த்துவைத்த 'நோ கிளெய்ம் போனஸ்' சலுகையும் காரோடு வராது. அது ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல.

அடுத்த கேள்வி, யார் பெயரில் வாங்குவது? பணம் மகனுடையது, ஆகவே மகன் பெயரில்தான் என்று அப்பா பிடிவாதம் பிடிப்பார். "நீங்கதானே ஓட்டப்போறீங்க, உங்க பேர்லயே இருக்கட்டுங்கப்பா" என்பார் மகன். பாசத்தில் இரண்டும் சரி. காகிதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. மகன் பெயரில் வாங்கினால் அவர் ஊரில் இல்லாதபோது செய்ய வேண்டிய ஒவ்வொன்றுக்கும் அதிகாரப் பத்திரம் தேவைப்படும். அதை அவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்ப வேண்டும். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். பத்திரத்தில் 'சகல அதிகாரமும்' என்று எழுதிக் கொடுத்துவிடாமல், இந்த எண்ணுள்ள வண்டியை வாங்கவும் பதிவு செய்யவும் மட்டும் என்று சுருக்கமாக எழுதுவது புத்திசாலித்தனம். கார் வாங்கக் கொடுத்த பத்திரம் காணி நிலத்தை விற்கவும் பயன்பட்டுவிடக் கூடாது.

அப்பா பெயரில் வாங்குவது எளிது. ஆனால் வாகனம் ஓட்டத் தெரியாத அம்மாவின் பெயரில் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரிமையாளரே ஓட்டி விபத்தில் இறந்தால் 15 லட்சம் ரூபாய் தரும் கட்டாயத் தனிநபர் காப்பீடு, ஓட்டுநர் உரிமம் உள்ள உரிமையாளருக்கு மட்டுமே. உரிமையாளரின் மறைவுக்குப் பிறகு வண்டி யாருக்கு என்பதை ஆர்.சி.யிலேயே நியமனதாரராகக் குறிப்பிடும் வசதி 2021இல் வந்திருக்கிறது. வயதான பெற்றோர் பெயரில் வாங்குகிறவர்கள் இந்த ஒரு வரியை நிரப்பிவிட்டால், பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு அலைவது குறையும்.

இனி வண்டி. திரையில் பார்ப்பவருக்குப் பெயிண்ட் தெரியும், மற்றது தெரியாது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியது. 26 ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கி அணைக்காகச் செறுதோணியின் மதகுகள் திறந்த மாதம் அது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நீரில் நின்ற கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு, தூரத்து ஊர்ச் சந்தைக்கு வந்துவிடும். அவற்றைக் காட்டிக்கொடுப்பவை சின்னச் சின்ன இடங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் அடிப்பகுதியில் சேற்றுக்கோடு. கார்ப்பெட்டைத் தூக்கினால் மண். இருக்கையின் அடியில் திருகாணிகளில் துரு. முன்விளக்கின் உள்ளே பனிபோல ஈரம். மீட்டரில் 40,000 கிலோமீட்டர் என்று இருந்து, பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து வழவழவென்றிருந்தால் பெடலை நம்ப வேண்டும். மலையில் ஓடிய வண்டி என்றால் கிளட்ச், பிரேக், அடிப்பாகம். அப்பாவைக் குனியச் சொல்வதைவிட, தெரிந்த மெக்கானிக் ஒருவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்துத் தரகர் இல்லாமல் பார்க்கச் சொல்வது மேல்.

இடுக்கி எல்லையில் காரைவிட ஜீப்புக்குத்தான் மவுசு. விடிவதற்கு முன்பே கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஜீப்புகள் ஏறும், மாலையில் இறங்கும். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் பணம் அனுப்ப, ஊரில் இருக்கும் தம்பி பழைய ஜீப் வாங்கி ஓட்டத்துக்கு விடுவது ஒரு பிழைப்பு. இங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றினால், விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது அதைத்தான். 15 ஆண்டு கடந்த ஜீப் என்றால் பதிவு புதுப்பிக்கப்பட்டதா, தகுதிச் சான்று உயிரோடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புதுப்பித்தது ஐந்து ஆண்டுக்கு மட்டுமே செல்லும். கொக்கிபோல் வளையும் மலைப்பாதையில் அந்த ஜீப்பில் இருக்கும் பெண்களின் உயிருக்கு, ஆர்.சி.யில் பெயர் உள்ள அண்ணன் பொறுப்பு. அவர் அப்போது தோஹாவில் இரவு ஷிப்டில் இருந்தாலும் சரி.

பதிவேட்டில் பொய் சொல்வது ஏழைகளின் பழக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வரியை மிச்சம் பிடிப்பதற்காகக் கேரளத்துப் பணக்காரர்கள் பலர் தங்கள் சொகுசுக் கார்களைப் புதுச்சேரியில், அங்கே வசிக்காமலேயே, பதிவு செய்தது 2017இல் வெளியாகி வழக்குகள் வந்தன. 2025 செப்டம்பர் 23இல் சுங்கத் துறை, பூடானிலிருந்து கடத்திவரப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட கார்களைத் தேடிக் கேரளமெங்கும் சோதனை நடத்தியது. நட்சத்திரங்களின் வீடுகளும் தப்பவில்லை. பூடான் மொழியில் வாகனம் என்று பொருள்படும் 'நும்கோர்' என்பதையே அந்தச் சோதனைக்குப் பெயராக வைத்திருந்தார்கள். வசதி உள்ளவர்கள் மாட்டினால் வக்கீல் வருவார். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கார் வாங்கிய குடும்பத்துக்கு மாட்டுவது வீடும் நிலமும்.

மாநிலம் விட்டு மாநிலம் மாறுகிறவர்களுக்கென 2021இல் அரசு 'பி.எச்.' என்ற பாரத் வரிசை எண்களைக் கொண்டுவந்தது. ஆனால் அது ராணுவத்தினருக்கும் அரசு ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் அலுவலகம் வைத்திருக்கும் தனியார் நிறுவன ஊழியர்களுக்கும்தான். அதுவும் புது வண்டிக்காகவே யோசிக்கப்பட்டது. காலையில் கேரளத்திலும் மதியம் தமிழ்நாட்டிலும் இருக்கும் எல்லையோர விவசாயியை அந்தத் திட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே மனிதர் துபாயில் ஒரு பழைய கார் வாங்கும்போது இந்தத் தவறைச் செய்வதில்லை. செய்ய அங்கே வழியில்லை. வண்டி பரிசோதனையில் தேற வேண்டும்; அபராதங்கள் தீர வேண்டும்; இன்ஷூரன்ஸ் வாங்குபவர் பெயரில் இருக்க வேண்டும்; பிறகுதான் உரிமை மாறும். சிங்கப்பூரில் விற்பவரும் வாங்குபவரும் இணையத்தில் உறுதி செய்தால் வேலை முடிந்தது. சட்டம் கடுமையானது என்பது மட்டும் காரணமல்ல. பெயர் மாறாமல் வண்டி நகராது என்ற ஏற்பாடு அங்கே இருக்கிறது. இங்கே முதலில் நகர்வது வண்டி.

இங்கேயும் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பழைய வண்டி வியாபாரி பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும். விற்பவர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை இணையத்தில் தெரிவித்துவிட்டால், அடுத்த ஆள் கிடைக்கும்வரை வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். காலிப் படிவத்துக்கு இது சரியான மருந்து. ஆனால் அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் போனால்தான் மருந்து கிடைக்கும். டீக்கடை பெஞ்சில் பேரம் முடிக்கும் தரகரிடம் கிடைக்காது.

வண்டி எண்ணை அரசின் 'பரிவாகன்' தளத்தில் போட்டால் எத்தனையாவது கை, கடன் உண்டா, இன்ஷூரன்ஸும் தகுதிச் சான்றும் எதுவரை என்பதெல்லாம் பெரும்பாலும் தெரிந்துவிடும். பெயிண்டைக் காட்டச் சொல்லும் மகன் முதலில் பார்க்க வேண்டிய திரை அதுதான். அடுத்து, பணத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைப் பெயர் மாறிய பிறகே தருவதாக எழுத்தில் ஒப்பந்தம். வண்டியைக் கொடுத்த தேதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒரு ரசீது. விற்பவர் இதற்கெல்லாம் முகம் சுளித்தால், அவருக்கும் இது பாதுகாப்புத்தான் என்று விஜய்குமாரின் கதையைச் சொல்லலாம்.

கார் வாங்கிய அன்று பொள்ளாச்சியிலிருந்து திரும்பும் வழியில் கோயிலில் நிறுத்தி, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டுத்தான் ஓட்டுவார்கள். கண்ணேறு படாதிருக்க அது நல்லது. அப்பா கைபேசியில் அதையும் மகனுக்குக் காட்டுவார். மகன் திருப்தியோடு சிரிப்பார். அப்போது அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்.

"ஆர்.சி.யில இப்ப யார் பேருங்கப்பா இருக்குது?"